தோள்பட்டை எழுத்துகள்

"முகத்த விடுங்க பெரியம்மா. சட்டையப் பாருங்க" என்றான் இருதய அருண்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள் அமலா. அருண் அவள் கொழுந்தன் மகன். அவன் நீட்டிய செல்போனில் அவளுடைய அப்பா அடைக்கலராஜ் சிப்பாய் உடையில் விறைப்பாக நின்றார். 1943-இல் எடுத்த படம். அப்போது அவள் கைக்குழந்தை.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. பட்டாளத்தில் சண்டையில் செத்துப்போனார் என்றாள் அம்மா.

தோள்பட்டையில் பித்தளை எழுத்துகள். பார்த்தால் இங்கிலீஷ் மாதிரி இருக்கும், வாசிக்க வராது. இங்கிலீஷ் இல்லையென்றால் பிரெஞ்சு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிற கண்டமங்கலத்துக்காரர்களுக்கு வேறென்ன தோன்றும்? புதுச்சேரிக்கே போய் விசாரித்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள்.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

"சண்டையில செத்தானாம்! எவளையோ இட்டுக்கினு ஓடனவன் எந்தப் பட்டாளத்துல இருப்பான்?"

கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் இதைக் கேட்டுக் கேட்டே கிழவியாகிச் செத்தாள் அமலாவின் அம்மா.

கண்ணை மூடுவதற்குள் அம்மா சொன்னது நிஜம்தான் என்று தெரிந்தால் போதும் அமலாவுக்கு.

அருண் சட்டையைப் பெரிதாக்கிக் காட்டினான். ஆம்பிளைச் சட்டையில் இடப்பக்கத் துணிதான் மேலே வந்து மூடும். இதில் வலப்பக்கம் மேலே இருந்தது. எந்தப் பட்டாளத்துத் தையல்காரரும் அப்படித் தைக்கமாட்டார். ஆக, பிழை சட்டையில் இல்லை, படத்தில். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரதி எடுத்துவிட்டார்.

படத்தை இடம் வலமாக மாற்றினான். எழுத்துகள் நேராயின.

மெட்ராஸ் ரெஜிமெண்ட்.

"அப்ப பிரெஞ்சு இல்லியா?"

"இல்ல பெரியம்மா. இங்கிலீஷ்காரன் பட்டாளம். பர்மா சண்டைக்குப் போனது."

அமலா சிரித்தாள். சிரிப்பு இருமலானது, இருமல் அழுகையானது.

"எங்கம்மா பொய் சொல்லலடா. அந்தக் கெணத்தடிக் கழுதைங்கள்ல ஒருத்திகூட உசுரோட இல்லியே, மூஞ்சிக்கு நேரா காட்டிட்டு வர்றதுக்கு!"

மூச்சு கொஞ்சம் அடங்கியது. "கல்லறை கட்டியிருப்பாங்களாடா?"

"கட்டியிருக்காங்க பெரியம்மா. சலவைக்கல்லுல."

"அவ்ளோ தூரம் எவன் போயி மெழுகுவத்தி ஏத்தறது" என்று முனகிக்கொண்டே கண்ணை மூடினாள். முகம் தெளிந்திருந்தது.

அருண் பொய் சொல்லவில்லை.

போன வாரமே படத்தை நேராக்கி, முன்னாள் ராணுவத்தினரின் முகநூல் குழு ஒன்றில் போட்டிருந்தான். நேற்றுக் காலையில் பதில் வந்தது. பர்மாவிலிருந்து அல்ல, ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத திண்டிவனத்திலிருந்து. ஒரு பெண்மணி இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்று, அதே சிப்பாய், சரியாக எடுத்த பிரதி. இன்னொன்று, கல்லறை. அடைக்கலராஜ், மறைவு 1987.

'இவர் எங்க அப்பா. உங்களுக்கு எப்படிச் சொந்தம்?' என்று கேட்டிருந்தார்.

அருண் இன்னும் பதில் எழுதவில்லை.

அந்தப் பெண்மணியின் பெயரும் அமலா.