கால் மட்டும் போதும்

பிள்ளையார்பாளையத்தில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நெசவாளி நமச்சிவாயத்தைத் தறிக்குழியிலிருந்து எழுப்பி, வாசலில் முக்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். படம் பிடிக்கப் போகிறார்கள் என்றதும் தலைவாரி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்திருக்கிறார். பட்டணத்து மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டத்துக்காக யானைக்கால் நோயை ஆராயும் சக்ரவர்த்தி, உரல்போல் வீங்கிய அவர் காலை வெயிலுக்குத் திருப்பி வைக்கிறான். எதிரே புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறார். தெருவில் தறிச் சத்தமே இல்லை; வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். மனைவி தையல்நாயகி பட்டிழை சுற்றும் ராட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்து, அந்தக் காலில் மொய்க்கும் ஈக்களை முந்தானையால் விரட்டிக்கொண்டே கேட்கிறாள்: “போன வருசம் ரத்தம் எடுத்துக்கினு போனீங்க. மருந்து எங்க சாமி?” “அதுக்குத்தாம்மா இந்த ஆராய்ச்சி” என்கிறான் சக்ரவர்த்தி, அவள் பக்கம் திரும்பாமலே. நமச்சிவாயம் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு முகத்தை நிமிர்த்துகிறார். சக்ரவர்த்தி அந்தத் துண்டையே உருவி அவர் தலையில் போட்டு மூடுகிறான். “மூஞ்சி வேண்டாம் முதலியாரே. கால் மட்டும் போதும்.”

நமச்சிவாயம் பிடுங்கி எறிந்த துண்டு தெருமண்ணில் போய் விழுகிறது. அவர் காலை இழுத்து இழுத்து உள்ளே நடந்து, தறிக்குழியில் இறங்கி உட்காருகிறார். கால் குழியின் இருட்டுக்குள் மறைந்துவிடுகிறது. தறியில் இழை இழையாக விரிந்த பட்டுப்பாவுக்கு மேலே, திருநீறு வியர்வையில் கரைந்து வழிய, முகம் மட்டும் தெரிகிறது.

“இந்தா, மூஞ்சி இங்க இருக்குது. எடுறா!”