வருவோர் கவனத்திற்கு: வெளி உணவுக்கு அனுமதி இல்லை

இசிக்குல் ஏரிக் காற்றில் படபடக்கும் அறிவிப்புப் பலகையை ஒரு கையால் பிடித்தபடி, இசை விழா வாசலில் தொண்டை கிழியக் கத்துகிறேன். "வெளிச் சாப்பாடு உள்ள கொண்டுபோகக் கூடாதுக்கா! இதுல எழுதியிருக்கு பாருங்க." முன்னால் நிற்கும் துர்சுனை அக்கா பலகையைப் பார்க்கவே இல்லை. சாவகாசமாக மூட்டையை அவிழ்க்கிறாள். சூடு ஆறாத ரொட்டியின் மணம் வரிசை முழுக்கப் பரவுகிறது. "சரிடி, திருப்பி எடுத்துட்டுப் போறேன். அதுக்காக ஒரு வாய் தின்னாமயா என்னைய அனுப்புவ?" அதெப்படி முடியும்? நீட்டிய ரொட்டியைத் தொடாமல் அனுப்பினால் இந்த ஊரில் நான் மனுஷியே இல்லை. ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போடுகிறேன். நான் மென்று முடிப்பதற்குள் அவள் மூட்டையோடு உள்ளே போய்விடுகிறாள். அவளுக்குப் பின்னால் நிற்கும் நாற்பது பேரும் தங்கள் மூட்டைகளை அவிழ்க்கிறார்கள்.