முனைக்கு ஒரு படம்

தேக்கா கடைத்தெருவின் கிளைவ் ஸ்திரீட் முனையில் கிழவர் மறுபடியும் நின்றார். சட்டென்று திரும்பி, பின்னால் வந்துகொண்டிருந்த ரக்ஷனாவின் பக்கம் கேமராவை உயர்த்தி ஒரு படம் எடுத்தார்.

ரக்ஷனா வேகமாகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

“அங்கிள், என்ன பண்றீங்க? எம்ஆர்டி ஸ்டேஷன் வாசல்லேர்ந்து பாத்துட்டுத்தான் வரேன். ஒவ்வொரு முனையிலயும் திரும்பித் திரும்பி என்னையே எடுக்குறீங்க.”

“உன்னை யாரு எடுத்தா? தள்ளி நில்லு.”

“கேமராவைக் காட்டுங்க.”

“முடியாது.”

சத்தம் கேட்டு, முனையில் பூக்கடை வைத்திருந்த தனசேகரன் இறங்கி வந்தார். பாதி கட்டிய மாலையைக் கடைக்குள் போட்டுவிட்டு, கிழவரின் தோளில் கிடந்த கேமரா வாரைப் பிடித்தார்.

“கையை எடு. நான் சூசைநாதன். கொன்ஃபிரன்டாசி சண்டை சமயத்துல கோத்தா திங்கி காட்டுல துப்பாக்கியோட நின்னவன். அதுக்கப்புறம் நாப்பது வருஷமா காடு காடாப் போய்ப் பறவை எடுக்கிறவன்.”

“பறவைக்கெல்லாம் இன்னிக்கு லீவா, பெரியவரே?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இழுத்த இழுப்பில் கேமரா தனசேகரன் கைக்கு வந்துவிட்டது.

படங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிப் பார்த்தார்கள். கேம்பல் லேன் திருப்பத்தில், படத்தின் ஓரமாகப் பாதி ரக்ஷனா. பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடையருகே ரக்ஷனா. எம்ஆர்டி வாசலில் ரக்ஷனா. அதற்கு முந்தியது ஏதோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு புளோக்கின் கீழ்த்தளம். அத்துடன் தனசேகரன் நிறுத்திவிட்டார்.

“இதையெல்லாம் எங்க போடப் போறீங்க? எந்த குரூப்ல?” என்று கேட்டாள் ரக்ஷனா.

“நீ ஒதுங்கி நடந்திருந்தா உன் மூஞ்சி விழுந்திருக்காது. காட்டுல நடந்து பழகினவன் ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு தடவை திரும்பிப் பாப்பான். உனக்கு எங்க தெரியப் போவுது.”

“இது காடு இல்ல, தேக்கா லா,” என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு எழுந்தது.

“எல்லாத்தையும் அழிச்சிடும்மா. அப்புறம் ஒரு பிரச்சினையும் இல்ல,” என்று கேமராவை ரக்ஷனாவிடம் நீட்டினார் தனசேகரன்.

சூசைநாதனின் முறைப்பு அப்போதுதான் தளர்ந்தது.

“வேணாம்மா. பறவைப் படமெல்லாம் அதுலதான் இருக்கு, வேணும்னா அதை அழிச்சுக்க. இன்னிக்கு எடுத்தது மட்டும் இருக்கட்டும்.”

“கேட்டீங்களா? நான் இருக்கிற படம்தான் வேணுமாம்.”

சூசைநாதன் எட்டிப் பறிக்கப் பார்த்தார். தனசேகரன் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். ரக்ஷனா அன்றைய படங்களை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டு, கேமராவைக் கிழவரின் மார்பில் வைத்து அழுத்தினாள்.

“போங்க. இன்னொரு தடவை பாத்தேன், போலீஸ்தான்.”

கூட்டம் கலைந்தது. தனசேகரன் மாலையைத் தேடி உள்ளே போனார். சூசைநாதன் மட்டும் அந்த முனையிலேயே நின்றார்.

“இன்னும் என்ன?” என்றாள் ரக்ஷனா.

“வீட்டுக்குத் திரும்பிப் போற வழி அதுலதாம்மா இருந்துச்சு.”