பீரோவுக்குள் ஒரு கால்பந்து

உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பீரோவில் ஒரு கால்பந்து குடியிருந்தது. திங்கட்கிழமை, பி.டி. பீரியட் மணி அடித்ததும் அது துள்ளித் தயாரானது. கதவு திறந்தது. கணக்கு வாத்தியாரின் கை நுழைந்து, பக்கத்திலிருந்த சாக்பீஸ் டப்பாவை எடுத்தது.

"போர்ஷன் முடியலையாம், நீ தூங்கு," என்றபடி டப்பா கிளம்பியது.

புதன்கிழமை பீரியடை அறிவியல் டீச்சர் பிடுங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை பள்ளியைப் பார்வையிடக் கல்வி அதிகாரி வந்தார். பந்துக்கு அவசரமாகக் காற்றடித்து மைதானத்தில் வைத்தார்கள். அதிகாரி அதன்மேல் ஒரு காலை வைத்தார். பந்துக்குப் புல்லரித்தது. போட்டோ எடுத்ததும் மறுபடி பீரோவில் போட்டுப் பூட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை, 'விளையாட்டில் சிறந்த பள்ளி' என்ற சான்றிதழும் பீரோவுக்குள் வந்து விழுந்தது.

"இங்கே என்னப்பா விளையாடுவாங்க?" என்று அது கேட்டது.

"கண்ணாமூச்சி," என்றது பந்து. "எட்டு வருஷமா நான்தான் ஜெயிக்கிறேன். ஒரு பயலும் என்னைக் கண்டுபிடிக்கல."