முந்நூறு கிராம்

நீதிமன்றங்களில் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்யும் செண்பகவல்லி, கடையில் காட்டிய புது லேப்டாப்பைக் கையில் தூக்கிப் பார்க்கவில்லை. தன் பைக்குள் டிபன் பாக்ஸோடும் தண்ணீர் பாட்டிலோடும் அதை வைத்து, வலது தோளில் மாட்டிக்கொண்டு கடை வாசல்வரை நடந்து திரும்பினாள். கனமான பழைய லேப்டாப்பை இன்னும் ஒரு வருடம் சுமந்தால் கை மேலே எழும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்த தோள் அது. இப்போது வலி இல்லை.

“ஒரு கிலோகூட இல்ல மேடம். நோட்டுப் புக்கு மாதிரி,” என்றார் விற்பனையாளர்.

அவள் உட்கார்ந்து, திரையைப் பாராமல், ‘சாட்சி பிரமாணம் செய்து சொல்வதாவது’ என்று அடித்தாள். நிமிர்ந்தபோது திரையில் வேறு ஏதோ எழுத்துகள் இருந்தன.

“இதுல விண்டோஸ் கிடையாது மேடம். உங்க பழைய தமிழ் சாஃப்ட்வேர் ஏறாது. எழுத்து இருக்கிற இடம் மாறியிருக்கும், ரெண்டே மாசத்துல பழகிடும்.”

“திங்கக்கிழமை பதினோரு சாட்சி இருக்கு தம்பி. அவங்கள ரெண்டு மாசம் மெதுவாப் பேசச் சொல்லட்டுமா?”

அவளுடைய சாஃப்ட்வேர் ஏறக்கூடிய விண்டோஸ் லேப்டாப்பும் மெலிதுதான். முந்நூறு கிராம் கூடுதல். அதைப் பையில் வைத்து நடந்தாள். வாசலில் திரும்பும்போது தோள் பிடித்தது. சற்று நின்றாள். பிறகு பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அது இன்னும் வலிக்கத் தொடங்கவில்லை.