தொங்கானுக்கு அந்தப் பக்கம்

மூச்சு முட்டியது. சரக்குப் படகான தொங்கானின் அடிப்பலகையைத் தடவித் தடவி, தண்ணீருக்கடியில் இருட்டுக்குள் முன்னேறினான் மீரான். ஒட்டியிருந்த சிப்பிகள் உள்ளங்கையைக் கிழித்தன.

இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

வெளிச்சம்!

மறுபக்கம் தலையை நீட்டி, சத்தமில்லாமல் காற்றை இழுத்தான். சுக்கானைப் பிடித்தபடி பதுங்கிக்கொண்டான். ஆட்டத்திலேயே ருசியான இடம் இதுதான். கரையில் அண்ணன் பதறவேண்டும்.

பதினைந்து வயது மீரானிடம் எதையாவது வேண்டாம் என்று சொன்னால் போதும், அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை. ஓடுகிற டிராமில் தொற்றுவான். கப்பல்காரன் கடித்து எறிந்த சுருட்டை எடுத்து இழுப்பான்.

அவன் ‘நானா’ என்று கூப்பிடும் அண்ணன் சீனி முகம்மது நேர் எதிர். ஆறிய தேநீரையும் ஊதிக் குடிப்பவன். தொங்கானில் மூட்டை தூக்கித் தம்பியை வளர்ப்பவன்.

“மீரான்! விளையாடாதடா... மேல வந்துரு!”

அண்ணனின் குரல் நடுங்கியது. மீரான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். காலையில் எல்லார் எதிரிலும் காதைத் திருகினாரே, நன்றாக அழட்டும்.

தொப்பென்று தண்ணீரில் எதுவோ விழுந்தது. அரிசி மூட்டையாக இருக்கும்.

ஆசை தீரப் பதுங்கியிருந்துவிட்டு, சுற்றி நீந்திப் படித்துறையில் ஏறினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“வந்துட்டான்லா திருட்டுப்பய!” என்றார் மூட்டைக்காரர் தங்கராஜு. “ஒன்னைத் தேடி ஒன் நானாவும் குதிச்சுட்டான். இப்ப ஒன் வித்தையை ஒனக்கே காட்டுறான் பாரு, அந்தப் பக்கம் ஒளிஞ்சுக்கிட்டு!”

மீரானின் சிரிப்பு செத்தது.

அவன் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறான். அங்கே யாருமில்லை.

திரும்பிப் பார்த்தான். தவிடு மிதந்த தண்ணீர் அசையாமல் கிடந்தது.

“நானா!”

அலறிக்கொண்டே மறுபடி குதித்தான். கரையில் மறுபடி சிரிப்பு. ஒருவன் கைகூடத் தட்டினான்.

நீந்தத் தெரியாதவனுக்குத் தொங்கானில் வேலை கிடையாது. அதனால் சீனி முகம்மது அந்த உண்மையைத் துறைமுகம் முழுக்க மறைத்து வைத்திருந்தான்.

ஒரே ஒருவனிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

தம்பியிடம்.