பச்சை நூல்

குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். அப்படியே பொக்லைன் ஆப்பரேட்டரின் முகத்தில் வீசினாள்.

“அண்ணன் அண்ணன்னு உனக்கும் சேத்துத்தானே சோறு கட்டிக் குடுத்தேன்! ஒரு லிவரைத் தூக்கிவிட உன் கைக்கு என்ன கேடு?”

ஆப்பரேட்டர் அசையவில்லை. முகத்தைத் துடைக்கவும் இல்லை.

போன வாரம் பொக்லைனின் இரும்புக் கை திரும்பி அடித்ததில் செத்துப்போன ஹெல்பரின் மனைவி அவள். தையல் வேலை செய்பவள். புருஷனின் மாற்றுச் சட்டையையும் சாப்பாட்டுப் பையையும் வாங்கிப் போக வந்திருந்தாள்.

“பாத்தீங்களா, ஒரு சொட்டுக் கண்ணீர் விடறானா? கல்லுளிமங்கன்!” என்றார் முதலாளி, மெக்கானிக்கிடம். “லிவரைத் தூக்க மறந்துட்டேன்னு அவனே ஒத்துக்கிட்டான். இருந்தாலும் நீங்க ஒரு தடவை பாத்துடுங்க. செத்தவன் மேல ஒரு தப்பும் இல்லைன்னாத்தான் இன்சூரன்ஸ்காரன் அந்தப் பொண்ணுக்குப் பணம் குடுப்பானாம்.”

மெக்கானிக் பெட்டியோடு மிஷினில் ஏறினார். கைகொடுக்க வந்த ஆப்பரேட்டரைத் தொடப் பிடிக்காமல், கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.

சீட்டுக்கு இடப்பக்கம் சிவப்பு லிவர். அதைத் தூக்கிவிட்டால், அடியில் இருக்கிற ஸ்விட்ச் மிஷினின் கையைப் பூட்டிவிடும். அதற்கப்புறம் யார் முழங்கை எதில் இடித்தாலும் அது திரும்பாது.

சாவியைப் போட்டு, திரையில் பழைய கோளாறுகளைக் காட்டும் எரர் கோடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“லிவர் ஸ்விட்ச் ஒயர்ல கோளாறுன்னு தினம் காட்டியிருக்கே?”

“ஆமாண்ணே. ஓடிக்கிட்டே இருக்கும், பொசுக்குனு கை நின்னுடும். முதலாளி குதிப்பாரு.”

“விபத்துக்கு முந்தின நாளோட அந்தக் கோடு நின்னுபோச்சு. நான் வந்து பாக்கலை. ஒயரும் மாத்தலை. தானா சரியாயிடுச்சா?”



மெக்கானிக் படுத்துக்கொண்டு, சீட்டுக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார்.

ஸ்விட்சுக்குப் போகிற இரண்டு ஒயர்களையும் யாரோ சுரண்டி, ஒன்றோடொன்று முறுக்கிவிட்டிருந்தார்கள். மேலே டேப்புக்குப் பதிலாகப் பச்சை நூல். நெருக்க நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

ஸ்விட்ச் இருந்தும் இல்லாத மாதிரிதான். இனி கோடு வராது. லிவரைத் தூக்கினாலும் மிஷின் கை பூட்டாது.

“அப்ப நீ லிவரைத் தூக்கிட்டுத்தான் இறங்கினியா?”

ஆப்பரேட்டர் வெளியே பார்த்தார். “சட்டை, மிஷின் கையை ஓட்டற ஜாய்ஸ்டிக்ல மாட்டிக்கிச்சு. கை திரும்பிடுச்சு. அவன் அங்க கிரீஸ் வெச்சுக்கிட்டிருந்தான்.”

“இதை முறுக்கினது யாரு?”

“நான்தான்.”

“அடப்பாவி! மறந்துட்டேன்னு ஊரையே நம்ப வெச்சியே. மறதி மனுஷனுக்கு வரும், மன்னிச்சுடலாம். இது மறதியா? உயிரைக் காப்பாத்துற ஒயரைக் கட்டிப்போட்டுட்டு நிக்கறியே!”

“என்னைத் திட்டுங்கண்ணே. என்னை என்ன வேணா பண்ணுங்க. அந்த நூலை மட்டும் கீழ கொண்டுபோகாதீங்க.”

“மாட்டிக்குவோம்னு பயமாக்கும்?”

மெக்கானிக் நூலை அறுத்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். முறுக்கைப் பிரித்துப் புது ஒயர் போட்டார். “முதலாளி முன்னாடியே எடுத்துக் காட்டறேன், இரு.”

“அண்ணே, வேண்டாம்ணே…”

ஆப்பரேட்டரின் கண்ணில் இப்போதுதான் தண்ணீர் வந்தது. தனக்கென்றால் மட்டும் வருது பார் என்று நினைத்துக்கொண்டே மெக்கானிக் இறங்கினார்.

முதலாளி தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் அவள் எதிரே வந்து நின்றாள்.

“ஐயா, உங்களை ஒண்ணு கேக்கலாங்களா?”

“சொல்லும்மா.”

“அவரு போறதுக்கு முந்தின நாளு, இந்த ஆளு காய்ச்சல்னு வேலைக்கு வரலை, அவரேதான் மிஷினை ஓட்டினாரு. மிஷின் நின்னு நின்னு போகுது, திட்டு தாங்கலை, நானே சரி பண்ணப் போறேன்னு எங்க வீட்டுக்காரர் மத்தியானம் வீட்டுக்கு ஓடி வந்தாரு. டேப்பு தீந்துபோச்சுன்னு என் தையல் மிஷின்லேர்ந்து நூலை உருவிக்கிட்டுப் போனாரு.”

மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

“சாயங்காலம் ஒரே பெருமை. ‘உன் பச்சை நூல்லதான்டி இன்னிக்கு மிஷினே ஓடுச்சு’ன்னு புள்ளையைத் தூக்கிச் சுத்தினாரு. அவரு கையால செஞ்ச கடைசி வேலை. உள்ள எங்கயாவது இருக்குங்களா?”

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். மேலே, முகத்தில் மண்ணோடு ஆப்பரேட்டர் நின்றிருந்தார்.

“இருந்துச்சும்மா,” என்றார். “அது லிவருக்குச் சம்பந்தமில்லாத வேற ஒயரு. ரொம்ப நேர்த்தியாக் கட்டியிருந்தாரு. புள்ளைகிட்ட சொல்லு.”

முதலாளி போனை வைத்துவிட்டு வந்தார். “என்ன ஆச்சு? ஏதாவது அகப்பட்டுச்சா?”

பையில் இருந்த நூலை மெக்கானிக் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னார்.

“ஹெல்பர் மேல ஒரு தப்பும் இல்லை. இந்தப் படுபாவிதான் லிவரைத் தூக்க மறந்திருக்கான்.”

ஆப்பரேட்டர் மேலே நின்றபடியே அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.